ஒரு கம்பி மட்டும் புதிது

பேஸ் கிட்டார் வாங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. வீட்டுக்கு வந்த அன்றே, கம்பெனி மாட்டி அனுப்பிய கம்பிகளைக் கழற்றி வீசிவிட்டு நல்ல கம்பி மாட்டுகிறவர்கள் ஒரு ரகம். அறுந்து தொங்குகிற வரைக்கும் அதிலேயே காலம் தள்ளுகிறவர்கள் இன்னொரு ரகம். கட்டைவிரலார் இந்த இரண்டிலும் சேர மாட்டார். மாற்றுவதா வேண்டாமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவர் அவர். கடையில் இருந்ததிலேயே மலிவான பேஸ் கிட்டார், அதில் இருப்பது நாலே கம்பி, இதற்கு இவ்வளவு யோசனையா என்று யாராவது கேட்டால், அவருடைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம்.

கட்டைவிரலார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. மற்றவர்கள் இரண்டு விரலால் மாற்றி மாற்றி மீட்டுகிற கம்பியை இவர் வலது கைக் கட்டைவிரல் ஒன்றாலேயே தட்டிக்கொண்டிருப்பார். கூட டிரம்ஸ் வாசிக்கிற பஸ் டிரைவர் அதைப் பார்த்துவிட்டு இந்தப் பெயரைச் சூட்டினார். கடைசியில் 'ஆர்' போட்டது மரியாதைக்கா கிண்டலுக்கா என்று இன்றுவரை தெரியாது. கட்டைவிரலாருக்கு அதில் கோபம் இல்லை. பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு ஒருவர் நம்மைக் கவனித்திருக்கிறாரே என்று உள்ளூரச் சந்தோஷம்தான்.

அவருக்கு வேலை குளிர்பானக் கம்பெனியில். கழுவி வரும் கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் ஓடும். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு விளிம்பு உடைந்தது, கீறல் விழுந்தது, அடியில் அழுக்கு ஒட்டியது எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போட வேண்டும். அத்தனை பாட்டிலும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடினால் என்ன சத்தம் வரும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கூடத்தில் யாரும் சத்தமாகப் பேசிப் பயனில்லை. வாயை அசைப்பார்கள், கையைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். சாப்பிட்டாயா, பெல்ட் சிக்கிக்கொண்டது, சூப்பர்வைசர் வருகிறான், வாயை மூடு என்பது வரை எல்லாம் உதட்டைப் பார்த்தே புரியும். காதில் அடைத்துக்கொள்ள மெத்தென்று ஏதோ கொடுத்திருந்தார்கள். அரிக்கிறது என்று கட்டைவிரலார் அதைச் சட்டைப் பையிலேயே பத்திரமாக வைத்திருந்தார். இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கண் பழுதில்லாமல் இருந்தால் போதும் என்கிற வேலை.

அந்தச் சூப்பர்வைசருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. விளிம்பு உடைந்த பாட்டில் ஒன்றைத் தானே வரிசை நடுவில் செருகிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் ஓரமாய் நின்றுகொள்வார். பிடித்துவிட்டால் ஒரு வார்த்தை பாராட்டு கிடையாது. விட்டுவிட்டால் அன்றைக்குப் பூராவும் அர்ச்சனை. தொழிலாளிகள் அதற்குக் கள்ள பாட்டில் என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டைவிரலார் இத்தனை வருஷத்தில் ஒரு கள்ள பாட்டிலையும் கோட்டைவிட்டதில்லை. அந்தக் கர்வம் அவருக்கு நிறையவே உண்டு.

வீட்டில் அவர் ஒருவர்தான். மனைவி இறந்து சில வருஷமாகிறது. ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். முதலில் தினமும் போன் செய்தாள். பிறகு வாரம் ஒரு முறை என்றாயிற்று. பேச்சும் வரவரச் சுருங்கி, இவர் இரண்டு தடவை சரி என்பதற்குள் முடிந்துவிடும். இப்போது போனும் இல்லை, சாப்பிட்டீர்களா என்று எழுதி அனுப்புவதோடு சரி. இவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவார். பெண்ணுக்கு அவள் குடும்பம் வந்துவிட்டது, அப்பன் எதற்கு என்று மனதுக்குள் பொருமிக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரரோ டிவி சத்தத்துக்காக முதலில் சுவரைத் தட்டினார், பிறகு கதவைத் தட்டினார், பிறகு முகம் கொடுப்பதையே நிறுத்திவிட்டார். சிடுமூஞ்சி என்று அவரையும் கட்டைவிரலார் கணக்கிலிருந்து தள்ளிவிட்டார். உலகம் தன்னோடு பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறது என்பது அவருடைய முடிவு. வயதானால் எல்லாருக்கும் இப்படித்தான்போல என்று அதற்கு ஒரு சமாதானமும் வைத்திருந்தார்.

பேஸ் கிட்டார் அவர் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு கடைவாய்ப் பல்லால். பல் டாக்டர் முகமூடி போட்டுக்கொண்டு என்னென்னவோ கேட்டார். கட்டைவிரலாருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் கேள்விக்கும் வாயைத் திறந்து காட்டினார். பல்லைப் பிடுங்கி முடித்து டாக்டர் முகமூடியைக் கழற்றியதும்தான் பேச்சே தொடங்கியது. காத்திருக்கிற அறையின் மூலையில் போர்வை போட்டு மூடிய டிரம்ஸ் எதற்கு என்று இவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் பழைய பாட்டுகள் வாசிப்போம், பேஸ் வாசித்தவர் வெளிநாடு போய்விட்டார், ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார் டாக்டர். நாலு கம்பிதான், ஒன்று இரண்டு எண்ணத் தெரிந்தால் போதும் என்று கண்ணைச் சிமிட்டினார். வேடிக்கைக்குச் சொன்னதைக் கட்டைவிரலார் வேதவாக்காக எடுத்துக்கொண்டு மறுவாரமே வாங்கிவிட்டார்.

வாங்கிய அன்று, கட்டிலில் உட்கார்ந்து தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது அந்தச் சத்தம். தொடையில் அதிர்ந்தது, கட்டில் சட்டத்தில் அதிர்ந்தது. மற்ற வாத்தியங்கள் எல்லாம் அவருக்கு எங்கோ தூரத்தில் யாரோ வாசிப்பதாகவே இருந்தன. இது ஒன்றுதான் பக்கத்தில் வந்து பேசியது. தனக்கு இசை ஞானம் இவ்வளவு நாள் ஒளிந்துகொண்டிருந்தது என்று நினைத்துக்கொண்டார் பாவம்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்குத் தனிச் சட்டை. பல் படங்கள் மாட்டிய அந்த அறையில் டாக்டர் கிட்டார் வாசித்துப் பாடுவார், டிரைவர் டிரம்ஸ், ஓய்வு பெற்ற டீச்சர் அம்மா கீபோர்ட். டீச்சர் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஐம்பத்தைந்து வயதில் தம்பியாக இருப்பது எவ்வளவு சுகம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வட்டமாக நாற்காலி போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நடுவில் டீ குடித்துக்கொண்டு பேசுவார்கள். அவர்கள் பேசுவதெல்லாம் இவருக்கு அழகாகப் புரியும். வாரத்தில் ஒரு மனிதர் இவர் சொன்னதற்குச் சிரிக்கிற இடம் அது ஒன்றுதான். அது போனால் இவருக்கு வேறு ஒன்றும் இல்லை. இதை அவரே பலமுறை தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. பல் டாக்டர்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் இவர்கள் வாசிப்பதென்று முடிவானது. டீ குடிக்கும்போது டாக்டர் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

“அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கம்பி செத்துப் போச்சு. கம்பெனி போட்டுக் குடுக்கறது எப்பவுமே அப்படித்தான், தொப்பு தொப்புன்னு அடிக்கும். விழாவுக்கு முன்னாடி மாத்திடுங்க. இல்லன்னா அன்னிக்கு மட்டும் என் மச்சினனை வரச் சொல்றேன். அவன்கிட்ட நல்ல பேஸ் இருக்கு.”

அன்னிக்கு மட்டும் என்றால் என்ன அர்த்தம் என்பது கட்டைவிரலாருக்குத் தெரியாதா? நல்ல பேஸோடு ஒரு மச்சினன் வந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருப்பானா? ஆனால் அவருக்குப் புரியாதது வேறு. கம்பி செத்துப் போச்சு என்கிறாரே, எங்கே செத்தது? நன்றாகத்தானே இருக்கிறது? முதல் நாள் கட்டிலில் கேட்ட அதே சத்தம்தானே இன்றைக்கும் வருகிறது?

எதற்கும் இசைக்கருவிக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரே மாதிரி இரண்டு பேஸை எடுத்தார். ஒன்றில் கம்பெனிக் கம்பி, இன்னொன்றில் புதிதாக மாட்டிய நல்ல கம்பி. குனிந்துகொண்டே இதை வாசித்தார், அதை வாசித்தார், ஏதோ சொன்னார், பிறகு நிமிர்ந்து, “வித்தியாசம் தெரியுதா சார்?” என்றார். கட்டைவிரலார் அசராமல், ஆமாம் ஆமாம், நல்லாத் தெரியுது என்று தலையை ஆட்டினார். அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, ஆளைப் பார்த்து மிளகாய் அரைக்கிறான் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். இரண்டும் ஒன்றுதான். காசு பார்க்க இப்படியும் ஒரு வழி.

டிரைவருக்கு விஷயம் தெரிந்து, வேறொரு வழி சொன்னார். பழைய கம்பியைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால், கை அழுக்கெல்லாம் போய்ப் புதுக் கம்பி மாதிரி ஆகிவிடுமாம். பேஸ் வாசிக்கிறவர்கள் பலர் செய்வதுதானாம். கட்டைவிரலார் வீட்டிலேயே பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார். மனைவி இருந்திருந்தால் அந்தப் பாத்திரத்தில் இரும்புக் கம்பியைப் போட விட்டிருக்கவே மாட்டாள், போட்டவரையும் வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள். நாலு கம்பியும் சுருண்டு சுருண்டு கொதித்தன. தண்ணீர் கறுப்பாயிற்று. கரண்டியால் தூக்கி, துண்டில் போட்டுத் துடைத்து, மறுபடி மாட்டுவதற்குள் ஒரு பகல் போய்விட்டது. தட்டிப் பார்த்தார். அதே சத்தம். ஒரு பாத்திரம் பாழானதுதான் மிச்சம்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு முடிந்ததும் டீச்சர் கையை எடுத்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பினார். “என்ன தம்பி, மேல போட்டிருந்த போர்வைய எடுத்த மாதிரி இருக்கு?” என்றார். டாக்டர் ஆமாம் என்றார். டிரைவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார், யோசனை அவருடையது அல்லவா. கட்டைவிரலார் சிரித்து வைத்தார். உள்ளுக்குள் எரிந்தது. ஒன்றுமே மாறாததை மாறிவிட்டது என்று மூன்று பேரும் சேர்ந்து சொல்கிறார்களே, எதற்காக? ஆள் பாவம், ஏதோ முயற்சி செய்திருக்கிறார், நாலு நல்ல வார்த்தை சொல்லி வைப்போம் என்று பேசி வைத்துக்கொண்டார்களா? அப்படியானால் இத்தனை நாளும் இவர் ஒப்புக்குச் சப்பாணிதானா?

அடுத்தடுத்த வாரங்களில் டாக்டர் முகம் சுளித்தார். வேக வைத்த கம்பி சீக்கிரம் பழையபடி ஆகிவிடும் அண்ணா, புதுசு போட்டுவிடுங்கள், விழா நெருங்குகிறது என்றார். கட்டைவிரலாருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அன்றைக்குப் பிரமாதம், இப்போது செத்துப்போச்சு. அன்றைக்கும் இன்றைக்கும் சத்தம் ஒன்றுதான். மச்சினனைக் கொண்டுவர முடிவு செய்துவிட்டார்கள், கம்பி ஒரு சாக்கு. நேரடியாகச் சொல்ல மனமில்லாமல் நாடகம் ஆடுகிறார்கள்.

பொய்யைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வழி தெரியும். இருபது வருஷமாகத் தெரியும். கள்ள பாட்டில்.

கடைக்குப் போய் நாலு கம்பி அடங்கிய பாக்கெட் ஒன்று வாங்கினார். நாலையும் மாட்டவில்லை. கீழே இருக்கிற மெல்லிய கம்பியை மட்டும் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டினார். மற்ற மூன்றும் கம்பெனி கொடுத்த பழசுதான். யாரிடமும் மூச்சு விடவில்லை. புதுக் கம்பி மாட்டியிருப்பது தெரியாமல் அவர்கள் வழக்கம்போல் கம்பி செத்துக் கிடக்கிறது என்பார்கள். அப்போது பேஸைத் தூக்கி, இதோ பாருங்கள், இதில் ஒன்று புத்தம் புதுசு, ஒருவருக்கும் தெரியவில்லையே என்று கேட்டு மூன்று பேர் மானத்தையும் வாங்கிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கடைசி வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்லிக்கூடப் பார்த்துக்கொண்டார்.

முதல் பாட்டில் மெல்லிய கம்பிக்கு வேலை இல்லை. மூன்று பேரும் பேசாமல் வாசித்தார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் கட்டைவிரலார் விரலைக் கீழே இறக்கி அந்தக் கம்பியைத் தட்டினார். ஒரே சமயத்தில் மூன்று தலைகளும் திரும்பின. டிரைவரின் கை அப்படியே நின்றுவிட்டது.

“அண்ணே, அந்தக் கீழ்க் கம்பி மட்டும் புதுசா?”

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்று பேர் முனகுகிறார்கள், ஒருவன் மட்டும் கணீரென்று பேசுகிறான், இது என்ன தம்பி கூத்து என்றார். ஒன்று மட்டும் ஏன் மாற்றினீர்கள் என்று டாக்டர் கேட்டார். கம்பி பளபளப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டார்கள் என்று கட்டைவிரலாருக்குத் தோன்றியது. எல்லாரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், நான் ஒரே சுரத்தை இரண்டு கம்பியிலும் மாற்றி மாற்றி வாசிக்கிறேன், புதுக் கம்பி வரும்போது கையைத் தூக்குங்கள் என்றார். புது விளையாட்டு என்று மூன்று பேரும் குழந்தைகள்போல் திரும்பி, பல் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பழைய கம்பியில் தட்டினார். ஒரு கையும் எழவில்லை. புதிதில் தட்டினார். மூன்று கையும் எழுந்தன. பழசில் இரண்டு முறை தட்டி ஏமாற்றிப் பார்த்தார். எழவில்லை. புதிதை மெதுவாக, தொட்டும் தொடாமலும் தட்டினார். மூன்று கையும் எழுந்தன, டீச்சரின் கை முதலில். இவருக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்டது. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப. மேலே எழும்பும் அந்தக் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி நின்றவாறு டாக்டர் ஏதோ சொல்ல, டிரைவரின் தோள் குலுங்கியது. என்ன சொன்னார், எதற்குச் சிரிக்கிறார் என்று இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகங்கள் அந்தப் பக்கம் இருந்தன.

யாரும் பொய் சொல்லவில்லை. கடைக்காரரும் ஏமாற்றவில்லை. செருகிவிட்ட கள்ள பாட்டிலைக் கோட்டைவிட்டவர் இவர்தான்.

அன்று வீட்டுக்குப் பஸ் ஏறாமல் நடந்தே வந்தார். வழி முழுக்க ஒன்று மாற்றி ஒன்று ஞாபகம் வந்தது. டிவி சத்தமும் பக்கத்து வீட்டுக்காரர் முகமும். அடுப்பில் வைத்த கெட்டில் விசிலடிப்பது நின்றுபோனதும், கெட்டில் கெட்டுவிட்டது என்று இவர் புதிது வாங்கியதும், அதுவும் விசிலடிக்காததும். பிறகு மனைவி. எதைச் சொல்வதானாலும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, அவர் தோளைத் தொட்டு, எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மனம் நோகும் என்று சொல்லாமலே விட்டிருக்கிறாள். அது அன்பு என்று இவர் நினைத்திருந்தார். அன்புதான், ஆனால் வேறு மாதிரி அன்பு. நடுரோட்டில் நின்று அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

இப்போது கம்பி விஷயம் முன்னைவிடச் சிக்கலாகிவிட்டது. பாக்கெட்டில் இன்னும் மூன்று புதுக் கம்பிகள் இருந்தன. அவர்கள் காதில் விழுவது தன் காதில் விழவில்லை என்றால், தன் விரல் இன்னும் என்னென்ன சத்தம் எழுப்புகிறதோ யாருக்குத் தெரியும்? கம்பியில் விரல் உரசுவது, சரியாக அழுத்தாமல் கம்பி கட்டையில் பட்டு அலறுவது, எல்லாவற்றையும் இந்தப் பழைய கம்பிகள் இத்தனை நாளும் மூடி மறைத்து மானத்தைக் காப்பாற்றி வந்திருக்கின்றன. மாற்றாவிட்டால் மச்சினன் வருவான். மாற்றினால் குட்டு வெளிப்பட்டு அப்போதும் மச்சினன் வருவான். பேசாமல் காதைப் பற்றி அவர்களிடம் சொல்லிவிடலாம். சொன்னால் இருக்கச் சொல்வார்கள், நல்லவர்கள்தான். ஆனால் அதற்கப்புறம் டீச்சர் 'தம்பி' என்று கூப்பிடுவதில் வேறொன்று கலந்துவிடும். அது அவருக்கு வேண்டாம்.

மாற்றிவிட்டார். விளிம்பு உடைந்த பாட்டிலைத் தெரிந்தே வரிசையில் விட அவருக்குக் கை வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது, கேட்காவிட்டாலும் கட்டைவிரல் காப்பாற்றும் என்று ஓர் அசட்டு நம்பிக்கை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் யார் முகத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டே வாசித்தார். முதல் வரி போனதும் டாக்டர் சந்தோஷமாகத் தலையசைத்தார். நாலாவது வரியில் புருவம் சுருங்கியது. டிரைவர் கீழே குனிந்துகொண்டார். டீச்சர் மட்டும் இவரைப் பார்த்தார், நடக்கப் பழகுகிற பிள்ளை விழப்போவதைப் பார்க்கிற பார்வை. இவருக்கோ எப்போதும்போல் நெஞ்சுக்குள் கும்மென்று இருந்தது, இதைவிட நன்றாக அவர் வாசித்ததே இல்லை. டாக்டர் பாட்டை நிறுத்தி, விரல் உரசுகிறது அண்ணா, கேட்கிறதா, கொஞ்சம் அழுத்திப் பிடியுங்கள் என்றார். அழுத்தினார். மறுபடி முகங்களைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் திருத்துவதையும் நிறுத்திவிட்டார்கள். பாட்டை முழுசாக வாசிக்க விட்டார்கள்.

டீ வந்தது. டாக்டர் தன் டம்ளரைத் தொடவே இல்லை.

“விழாவுக்கு மச்சினனே வாசிக்கட்டும்ணா. நீங்க முன் வரிசைல உக்காந்து கேளுங்க. அது முடிஞ்சதும் பழையபடி நீங்கதான்.”

கட்டைவிரலார் சரி டாக்டர் என்றார். டிரைவர் வாசல்வரை வந்து பேஸைத் தோளில் மாட்டிவிட்டார். ஏதோ சொல்லவும் சொன்னார், ஆனால் பையின் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டே முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னார். கட்டைவிரலார் அதற்கும் சரி என்றார்.

வீட்டில் இன்னும் வெயில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தன் வீடு எப்படி இருக்கும் என்றே அவருக்கு மறந்துபோயிருந்தது. பேஸைக் கட்டிலில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையை மாற்றத் தோன்றவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று இருந்தது. யாரிடம் என்று யோசித்தபோதுதான் மகளின் ஞாபகம் வேறு விதமாக வந்தது. அவள் போனில் பேசியதெல்லாம் நினைவிருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒரு முணுமுணுப்பு மட்டும், நடுநடுவே தான் சொன்ன சரிகள். எத்தனையோ நாள் அவள் நீளமாக எதையோ சொல்லியிருக்கிறாள். எதற்கெல்லாம் சரி சொன்னோம் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

போனை எடுத்து, முகம் தெரிகிற மாதிரி கூப்பிட்டார். அப்படி அவர் கூப்பிட்டதே இல்லை. மகள் பதறிக்கொண்டு எடுத்தாள். ஈரக் கை, பின்னால் சமையலறை. என்ன ஆச்சு என்று அவள் உதடு கேட்டது. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணும் ஆகலம்மா. எனக்குக் காது கேக்கல. ரொம்ப வருஷமா கேக்கலபோல. இப்பத்தான் தெரிஞ்சது. வாயைப் பாத்தாத்தான் புரியுது. போன்ல நீ பேசினது எதுவும் எனக்குக் கேக்கவே இல்ல. கேட்ட மாதிரி சரி சரின்னுட்டேன்.”

அவள் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவர் ஒன்றையும் விடாமல் பிடித்தார்.

“நான் பேசறது உங்களுக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன்ப்பா. என் குழந்தை தங்காமப் போனப்போ, வாங்கப்பான்னு அழுதேன். சரிம்மான்னு வெச்சுட்டீங்க. நீங்க வரவே இல்ல.”

குழந்தையா? எப்போது? அவள் மேலும் ஏதோ சொல்லத் தொடங்கினாள், சொல்லிக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சின்னத் திரையில் அவளுடைய காதும் கலைந்த தலைமுடியும்தான் தெரிந்தன. கழுத்து அசைவதைப் பார்த்தால் நிறையப் பேசுகிறாள் என்று தெரிந்தது. போனிலிருந்து மெல்லிய இரைச்சல் வந்துகொண்டே இருந்தது.

“இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லும்மா,” என்றார். “அப்பாவுக்குக் கேக்கல.”